அறுவை சிகிச்சைக்கு முன்பே மனுத் தேதி வேண்டும்: அமெரிக்கப் படையில் இருந்த தமிழர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய தமிழர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்து சேர்ந்தவர்கள் ஒருபுறம். வெளிநாட்டவரை மொழித்திறன் போன்றவற்றுக்காகச் சேர்க்க 2009-ல் தொடங்கிய 'மாவ்னி' ஆள்சேர்ப்புத் திட்டத்தில் வந்தவர்கள் இன்னொருபுறம். அத்திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. இவர்களில் பலர் பயிற்சியிலோ பணியிலோ முழங்காலையோ முதுகையோ கெடுத்துக்கொண்டு, படைவீரர் நலத்துறையான வி.ஏ.விடம், மாத இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கும் ஊனச் சதவீதம் வாங்கியிருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய காயத்தால் இன்னொரு உறுப்பு கெட்டு, அதற்கு அறுவை சிகிச்சை என்று ஆகும்போது, கையில் கிடைக்க வேண்டிய பணத்தைத் தவறவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றே: அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலை வைத்த பிறகுதான் மனுவைப் பற்றி நினைக்கிறார்கள். உங்கள் நாளிதழை இங்குள்ள குடும்பங்களும் ஊரில் இருக்கும் அவர்களது பெற்றோரும் படிப்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு வலது முழங்கால் நிலைகொள்ளாத குறைக்கு 30 சதவீதம் ஏற்கெனவே உண்டு. அந்தக் காலைக் காப்பாற்ற இடது காலில் பாரம் போட்டு நடந்து நடந்து, இடது முழங்கால் சவ்வு கிழிந்துவிடுகிறது. இடது முழங்காலுக்குப் படையில் எதுவும் நேரவில்லை. படை மருத்துவக் கோப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அது தேவையும் இல்லை. கூட்டாட்சி விதித்தொகுப்பு 38-ன் 3.310-ஆம் பிரிவு, ஏற்கெனவே பணிசார்ந்தது என்று ஏற்கப்பட்ட குறை இன்னொன்றை உண்டாக்கினாலும் சரி, முன்பே இருந்த இன்னொன்றை மோசமாக்கினாலும் சரி, அந்த இரண்டாவதற்கும் இழப்பீடு உண்டு என்கிறது. இதைத்தான் செகண்டரி கிளெய்ம் என்கிறோம். நிரூபிக்க வேண்டியவை மூன்று: இரண்டாவது குறை இப்போது இருப்பதற்கான நோயறிதல், முதல் குறைக்கு வி.ஏ. தந்த ஏற்பு, இரண்டுக்கும் நடுவே மருத்துவர் காட்டும் காரணத் தொடர்பு.

இனி முக்கியமான விஷயம். விதி 4.30-ன்படி, பணிசார்ந்த குறைக்கு அறுவை சிகிச்சை செய்து, தேற குறைந்தது ஒரு மாதம் ஆகும் என்றால், அந்தக் காலத்துக்கு 100 சதவீத ஊன விகிதம் தற்காலிகமாகத் தர வேண்டும். 'பாரா 30' என்று மனு வேலையில் இருப்பவர்கள் சொல்வது இதுதான். மருத்துவமனையில் சேர்ந்த நாளில் தொடங்கி, வெளியேறிய மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து 1, 2 அல்லது 3 மாதம் ஓடும். மார்ச் 10-ல் அறுவை சிகிச்சை, 11-ல் வீடு திரும்பினார், 2 மாதம் அனுமதி என்றால் மார்ச் 10 முதல் மே 31 வரை 100 சதவீதம். 2024 டிசம்பர் 1 முதல் ஓராண்டு நடப்பில் இருந்த விகிதப்படி, குடும்ப உறுப்பினர் கணக்கில் இல்லாத ஒருவருக்கு 30 சதவீதத்துக்கு மாதம் 537.42 டாலர், 100 சதவீதத்துக்கு 3,831.30 டாலர் என்று இருந்தது. மாதத்துக்கு 3,300 டாலர் அளவுக்கு வித்தியாசம். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடக்கும் நேரத்தில் இது வீட்டு வாடகை.

ஆனால் 'பணிசார்ந்த குறைக்கு' என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் மாதிரியில் இடது முழங்கால் இன்னும் பணிசார்ந்ததாக ஏற்கப்படவில்லை. புதிதாக ஏற்கப்படும் ஒரு குறைக்கு, படையிலிருந்து விலகி ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டவர் தவிர மற்றவருக்கு, மனு வி.ஏ. கைக்குக் கிடைத்த தேதிக்கு முந்தைய எந்த நாளுக்கும் பணம் கிடையாது. ஏப்ரலில் மனுப் போட்டால், வி.ஏ. பிறகு எவ்வளவு தாராளமாக ஏற்றாலும், மார்ச் 10-ல் அந்த முழங்கால் சட்டத்தின் கண்ணில் சாதாரண முழங்கால்தான். பாரா 30 போய்விடும். ஏற்கெனவே ஏற்கப்பட்ட வலது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை என்றால் கதை வேறு. ஒரு வருடத்துக்குள் கேட்டால் பின்தேதியிட்டுத் தருவார்கள். இந்தச் சலுகை இரண்டாவது குறைக்கும் பொருந்தும் என்று தப்பாக நம்பித்தான் ஆட்கள் காலம் தாழ்த்துகிறார்கள்.

செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. 21-0966 என்ற படிவத்தில், இழப்பீட்டு மனுப் போடப் போகிறேன் என்ற அறிவிப்பை மட்டும் அறுவை சிகிச்சைக்கு முன் கொடுத்துவிடுங்கள். 800-827-1000 என்ற எண்ணில் தொலைபேசியிலும் சொல்லலாம், வி.ஏ. இணையதளத்தில் 21-526ஈஇசட் என்ற முழு இழப்பீட்டு மனுவைத் திறந்து சேமித்தாலே அந்தத் தேதி பதிவாகிவிடும். அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு மனுவைக் கொடுத்தால் போதும், தேதி அறிவிப்பு நாளாகவே இருக்கும். மருத்துவர் கடிதம் வரட்டும், ஸ்கேன் வரட்டும் என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம். அறிவிப்புக்கு ஆதாரமே தேவையில்லை. அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை கொடுத்தாலும் செல்லும்.

ஏற்கெனவே அறுவை சிகிச்சை முடிந்துவிட்டவர்கள் ஒன்றைப் பார்க்கட்டும். முதல் குறையின் சதவீதத்தை உயர்த்தக் கேட்ட மனு ஒன்று அப்போது நிலுவையில் இருந்ததா? அந்த மனுவுக்கான மருத்துவப் பதிவுகளில் இரண்டாவது குறையும் பேசப்பட்டிருந்தால், அது அந்த மனுவுக்குள்ளேயே அடங்கியது என்று வாதிட இடமுண்டு. உறுதியான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் விடுவதற்கில்லை.

முழு மனுவில் குறையின் பெயரை எழுதும் இடத்தில் 'முழங்கால் வலி' என்று எழுதிவிடாதீர்கள். 'இடது முழங்கால் உட்புறச் சவ்வுக் கிழிசல், பணிசார்ந்த வலது முழங்கால் நிலையின்மையால் ஏற்பட்டது, அதனால் மோசமானது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஏற்பட்டது, மோசமானது இரண்டையும் கேளுங்கள். அறுவை சிகிச்சைத் தேதியையும், தேறும் காலத்துக்குத் தற்காலிக 100 சதவீதம் வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதலாம். தனிப் படிவம் இல்லை. இதே முழங்காலுக்கு முன்பு எப்போதாவது மனுப் போட்டு மறுக்கப்பட்டிருந்தால் மட்டும் 526 வேண்டாம்; 20-0995 என்ற துணை மனுப் படிவத்தில், முன்பு காட்டாத புதிய ஆதாரத்துடன் போக வேண்டும்.

அடுத்தது மருத்துவர் கடிதம். நெக்சஸ் லெட்டர் என்று எல்லோரும் சொல்வது. நான் பார்க்கும் மறுப்புகளில் கணிசமானவை இங்கேதான் முளைக்கின்றன. மருத்துவர் நல்ல மனதோடு 'வலது முழங்கால் பிரச்சினையால் இது வந்திருக்கக்கூடும்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பார். 'வந்திருக்கக்கூடும்' என்பது ஊகம், வி.ஏ. அதை எடைபோடவே செய்யாது. சட்டம் கேட்கும் அளவு 50 சதவீதம்: தொடர்பு இருக்கும் வாய்ப்பு, இல்லாத வாய்ப்புக்குக் குறைந்தபட்சம் சமமாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்ல வேண்டும். சமமாக நின்றாலே வீரருக்குச் சாதகம். அதைவிட முக்கியம், ஏன் அப்படி நினைக்கிறார் என்ற விளக்கம். எந்தெந்தப் பதிவுகளைப் படித்தார், எந்த ஆண்டிலிருந்து நொண்டி நடப்பது பதிவாகியிருக்கிறது, கைத்தடியோ முழங்கால் பட்டையோ எப்போது கொடுக்கப்பட்டது, இடது காலில் பாரம் எப்படி ஏறியது, எம்.ஆர்.ஐ.யில் கிழிசல் எந்த இடத்தில் இருக்கிறது, வயதும் எடையும் வேலையும் ஏன் போதுமான காரணமாகாது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால், அரசுத் தரப்பு மருத்துவர் அதையே பிடித்துக்கொள்வார்.

கடிதம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வி.ஏ. முதல் குறையை ஏற்ற தீர்ப்புக் கடிதம், இரண்டு முழங்கால்களின் ஸ்கேன் அறிக்கைகள், பிசியோதெரபி குறிப்புகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, முக்கியமான வரிகளில் கோடிட்டுக் கொடுங்கள். பிசியோதெரபி குறிப்பில் நடையைப் பற்றி எழுதியிருக்கும் ஒரு வரி, பத்துப் பக்கக் கடிதத்தைவிட உதவும். ஏனென்றால் வி.ஏ. தரப்பில் பரிசோதிக்கும் மருத்துவர்கள் அடிக்கடி எழுதும் மறுப்புக் காரணம், 'ஒரு காலில் நொண்டுவதால் மறுகால் கெடும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் போதாது' என்பதே. நீண்ட காலம், தொடர்ந்து, பதிவான நடை மாற்றம் என்று காட்டினால்தான் இதை உடைக்க முடியும். மனைவியோ உடன் வேலை செய்பவரோ 21-10210 படிவத்தில் தாங்கள் கண்ணால் கண்டதை எழுதித் தரலாம். 'மிகவும் கஷ்டப்படுகிறார்' என்பதால் பயனில்லை. 'மாடிப்படியில் எப்போதும் இடது காலைத்தான் முதலில் வைத்து ஏறுவார், 2019 கோடையிலிருந்து கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறியதில்லை' என்பது ஆதாரம்.

விழுந்து அடிபட்டவர்களுக்குத் தனியாக ஒன்று. வலது முழங்கால் திடீரென மடங்கிப் படியில் விழுந்து இடது முழங்கால் கிழிந்திருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் கேட்கும்போது, வலியில் 'படியில் விழுந்துட்டேன்' என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். பதிவில் 'படியில் வழுக்கி விழுந்தார்' என்று ஏறும். பிறகு யார் எவ்வளவு எழுதினாலும், அன்றைக்கு எழுதிய அந்த வரிக்குத்தான் எடை அதிகம். நடந்தது எதுவோ அதை முழுதாகச் சொல்லுங்கள்: முதலில் எந்த மூட்டு விட்டுக்கொடுத்தது, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று. வீடு திரும்பும் முன் பதிவின் நகலை வாங்கிப் படித்து, விட்டுப்போனதை அப்போதே திருத்தச் சொல்லலாம்.

உடல் எடை பற்றியும் சொல்ல வேண்டும். உடல் பருமனை வி.ஏ. தனி நோயாக ஏற்பதில்லை. ஆனால் வி.ஏ. தலைமைச் சட்ட ஆலோசகர் 2017-ல் தந்த கட்டுப்படுத்தும் கருத்தின்படி, அது நடுக் கண்ணியாக இருக்கலாம். முழங்கால் வலியால் நடக்க முடியாமல் எடை ஏறி, அந்த எடை சர்க்கரை நோய்க்கோ இடுப்பு மூட்டுத் தேய்வுக்கோ கணிசமான காரணமானால், கடைசி நோய்க்கு இழப்பீடு கேட்கலாம். மருத்துவர் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

2023-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு அறுவை சிகிச்சைக்கு நேரடியாகப் பொருந்தும். பணிசார்ந்த ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்ட ஒரு வீரருக்கு, அம்மருந்தால் ரத்த அளவு குறைந்து, முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடத்த முடியாமல் போயிற்று. புற்றுநோய் முழங்காலைக் கெடுக்கவில்லையே என்றது வி.ஏ. அது இல்லாதிருந்தால் சிகிச்சை நடந்து முழங்கால் தேறியிருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். சிகிச்சைக்குத் தடையாக நிற்பதும் காரணமே என்ற இந்தக் கோணம், இதய நோயாலோ வேறு மருந்தாலோ அறுவை சிகிச்சை மறுக்கப்பட்டவர்களுக்கு மிகவும் உதவக்கூடியது. வெகு சிலரே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

மனுப் போட்டதும் சி அண்ட் பி எனப்படும் பரிசோதனைக்கு அழைப்பு வரும், பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து. போகாமல் விட்டால் மனுவே மறுக்கப்படலாம். அறுவை சிகிச்சை முடிந்து காலை மடக்கவே கூடாது என்ற நிலையில் தேதி கொடுத்தால், காரணத்தை எழுத்தில் தெரிவித்து வேறு தேதி கேளுங்கள். கோணமானி வைத்து மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார்கள். வலி எந்தக் கோணத்தில் தொடங்குகிறதோ அங்கேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு முழுதும் மடக்கிக் காட்டுவது படைப் பழக்கம், இங்கே அது கெடுதல். வலி முற்றும் நாட்களில் என்ன செய்ய முடியாமல் போகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும், மருத்துவர் 'இதனால் ஏற்படவில்லை' என்று எழுதிவிட்டு, 'இதனால் மோசமாயிற்றா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறாரா பாருங்கள். இது அடிக்கடி நடக்கிறது. அந்த அறிக்கை குறையுள்ளது. மேல்முறையீட்டில் இதை மட்டும் சுட்டினாலே புதிய கருத்துக் கேட்டாக வேண்டும்.

பாரா 30-க்கு அறுவை சிகிச்சை மருத்துவரின் கடிதம் வேறு. காரணத் தொடர்பு அதில் வேண்டியதில்லை. தேறும் காலம்தான் வேண்டும். எத்தனை வாரம் காலில் பாரம் போடக் கூடாது, எத்தனை வாரம் ஊன்றுகோல் அல்லது சக்கர நாற்காலி, மூட்டை அசையாமல் கட்டியிருக்கிறார்களா, எந்தத் தேதிக்குப் பிறகு வேலைக்குப் போகலாம். வெளியேறும்போது தரும் அச்சிட்ட தாளில் 'இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை' என்று மட்டும் இருந்தால், இரண்டு வாரத்தில் தேறிவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். கிழிந்த சவ்வைச் செதுக்கி எடுப்பதற்கும் தைப்பதற்கும் தேறும் காலம் வெகுவாக வேறுபடும். செதுக்கியவர் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் நடமாடிவிடுவார், அவருக்குப் பாரா 30 கிடைப்பது கடினம். தைத்தவருக்கு வாரக்கணக்கில் பட்டையும் ஊன்றுகோலும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்றால், முடிவதற்குள் புதிய கடிதத்துடன் நீட்டிப்புக் கேளுங்கள். மொத்தம் 6 மாதம் வரை தரலாம், ஆறாத காயம், அசையாமல் கட்டிய மூட்டு போன்ற நிலைகளில் அதைத் தாண்டியும் தரலாம். தனியார் மருத்துவமனைக்கு வி.ஏ.வே அனுப்பியிருந்தாலும், அங்குள்ள பதிவுகள் தானாக மனுக் கோப்புக்கு வந்து சேரும் என்று நம்ப வேண்டாம். வி.ஏ. மருத்துவமனைப் பிரிவு வேறு, இழப்பீட்டுப் பிரிவு வேறு. அறுவை சிகிச்சை அறிக்கையை நீங்களே வாங்கி இணையுங்கள்.

முழங்கால் முழுமாற்று என்றால் தனி விதி. முதல் ஒரு மாதம் பாரா 30, அதன்பின் 4 மாதம் 100 சதவீதம், பிறகு குறைந்தது 30 சதவீதம். 2021 பிப்ரவரிக்கு முன் அந்த 4 மாதம் ஒரு வருடமாக இருந்தது. பழைய கணக்கை வைத்து விடுப்புத் திட்டமிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. தற்காலிக 100 முடிந்து இறங்கும்போது தனி முன்னறிவிப்பு வராது. முடியும் தேதி தீர்ப்புக் கடிதத்திலேயே இருக்கும்.

இறங்கிய பிறகு எங்கே நிற்கும் என்பதும் கவனிக்க வேண்டியது. கிழிந்த சவ்வு அடிக்கடி பூட்டிக்கொண்டு, வலியும் நீர்க்கோப்பும் இருந்தால் வி.ஏ.வின் ஊன அட்டவணையில் குறியீட்டு எண் 5258-ன்படி 20 சதவீதம். சவ்வை எடுத்துவிட்டு வலி மட்டும் மிஞ்சினால் 5259, 10 சதவீதம். எனவே மடங்குவதில் குறை, நிலையின்மை, வலிக்கும் தழும்பு, மரத்துப்போன நரம்பு என்று மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிவு செய்யச் சொல்லுங்கள். வலிக்கும் தழும்பு ஒன்றோ இரண்டோ இருந்தாலே 10 சதவீதம் தனியாக உண்டு. அறுவை சிகிச்சையால் வந்த கிருமித்தொற்று, ரத்தக்கட்டு போன்றவையும் அடுத்த செகண்டரி மனுக்களே. கூட்டுக் கணக்கும் நேர்க்கூட்டல் அல்ல: 30 போக மீதி 70-ல் 20 சதவீதம் 14 என்பதால், 30-ம் 20-ம் சேர்ந்தால் 44, அதை 40 ஆக்குவார்கள். இரண்டும் இரு கால்களில் என்பதால் 44-ல் பத்தில் ஒரு பங்கு கூட்டி 48.4 ஆகி 50-ல் நிற்கும். தீர்ப்பில் இந்த இருபுறக் கூட்டல் விடுபட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

மறுப்பு வந்தால் ஒரு வருடத்துக்குள் மூன்று வழி: புதிய ஆதாரத்துடன் 20-0995, பழைய ஆதாரத்தையே மூத்த அதிகாரி பார்க்க 20-0996, மேல்முறையீட்டு வாரியத்துக்கு 10182. கடிதம் பலவீனமாக இருந்தால் முதல் வழி, பரிசோதனை அறிக்கை பிழை என்றால் இரண்டாவது. ஒரு வருடத்தைத் தாண்டினால் முதல் தேதி போய்விடும்.

தமிழ்நாட்டில் வந்து தங்கியிருக்கும் முன்னாள் வீரர்களுக்கு: வி.ஏ.வின் வெளிநாட்டு மருத்துவத் திட்டம், ஏற்கப்பட்ட குறைக்குச் சென்னையிலோ மதுரையிலோ செய்த சிகிச்சைக்கும் பணம் தரும். ஏற்கப்படாத இடது முழங்காலுக்குச் சிகிச்சை என்றால், அது ஏற்கப்பட்ட குறையை மோசமாக்குவதாக வி.ஏ. ஒப்புக்கொண்டால் தவிர, மருத்துவமனைச் செலவு முழுக்க உங்கள் கையைக் கடிக்கும். 10-7959எஃப்-1 படிவத்தில் முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பில்லில் நோயின் பெயரும் ஒவ்வொரு செலவும் தனித்தனியாக இருக்கட்டும். 2 வருடத்துக்குள் அனுப்புங்கள்.

முதல் மனுவுக்கு உதவுவதற்காக யாரும் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே செய்கிறார்கள்; 21-22 படிவத்தில் அவர்களை நியமிக்கலாம். அங்கீகாரம் இல்லாமல், கூடும் தொகையில் ஐந்து மாதம், ஆறு மாதப் பணம் கேட்கும் 'ஆலோசனை' நிறுவனங்கள் இப்போது சமூக வலைத்தளங்களில் தமிழ்க் குடும்பங்களையும் தேடி வருகின்றன. கையெழுத்திடுமுன் பெயரை வி.ஏ.வின் அங்கீகாரப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லை என்றால் வங்கிக் கணக்கு விவரத்தையோ வி.ஏ. கணக்கின் கடவுச்சொல்லையோ கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
படைவீரர் மனுக்களுக்கு அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி ஒருவர்,
சான் அன்டோனியோ, டெக்சாஸ்